டெபியனுக்கு ஆட்கள் தேவை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் கரையான்சாவடியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடுதலோ ஆகும், அவ்வளவுதான். முதல் ஆண்டிலேயே 9 லட்சத்துக்கு மேற்பட்ட லேப்டாப் கொடுப்பதாகத் திட்டம். அவற்றில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸைத்தான் தொட்டார்கள். எங்கள் பக்கத்து சர்வீஸ் கடைகளில் அந்த லேப்டாப்போடு வந்த வழக்கமான கோரிக்கை இது: "அண்ணே, அந்த லினக்ஸை எடுத்துட்டு இடத்தை டி டிரைவ்ல சேர்த்துடுங்க."

பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சினிமா, கேம், பிராஜெக்ட் எல்லாம் விண்டோஸில் இருந்தன. அழிக்கப்பட்ட அந்தப் பகுதியில் என்ன இருந்தது, அதைச் செய்தவர்கள் யார், செய்வதற்கு இன்னும் ஆள் வேண்டுமா என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவு லினக்ஸ் ஒரே நேரத்தில் மாணவர்கள் கைக்குப் போனது இந்தியாவில் அபூர்வம். பயன்படுத்துபவர் பராமரிப்பவராக மாறும் பாதை மட்டும் அதோடு போகவில்லை.

பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. சி-டாக்கின் சென்னை மையத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் பாஸ் வெறும் தரையில் எழுந்ததல்ல. அதன் அடித்தளம் டெபியன். 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் என்ற மாணவர் தொடங்கிய திட்டம் அது. உபுண்டுவும் அதன் பிள்ளைதான். டெபியனுக்கு முதலாளி கிடையாது. ஏறத்தாழ ஆயிரம் அதிகாரபூர்வ டெவலப்பர்கள், அவர்களைச் சுற்றி இன்னும் பல தன்னார்வலர்கள், ஓர் அரசியலமைப்பு, ஆண்டுதோறும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர். 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியான டெபியன் 13-இல் 69,830-க்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. பேக்கேஜ் எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒருவர் தலையில் எத்தனை விழுகிறது?

லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் கெர்னல் ஒரு துண்டுதான். மீதியெல்லாம் உலகின் பல மூலைகளில் பலர் தனித்தனியாக எழுதிய நிரல்கள். அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பொருத்தி, ஒரே கட்டளையில் நிறுவும்படி தருவதுதான் டெபியன் போன்ற டிஸ்ட்ரோவின் வேலை.

தமிழ் தட்டச்சை எடுத்துக்கொள்வோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99. கரையான்சாவடியில் ஒரு மாணவி லினக்ஸில் அதை இயக்கி 'கொ' என்று அடிக்கிறாள் என்று வையுங்கள். எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற வரைபடம் எம்17என் என்ற தரவுத் தொகுப்பில் இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் ஜப்பானின் ட்சுகுபா நகரில் உள்ள ஆய்வு நிறுவனத்தார். தமிழ்99 மட்டுமல்ல, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் உண்டு. அந்த வரைபடத்தைப் படித்து எழுத்தைச் செயலிக்கு அனுப்புவது ஐபஸ். ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று பிரித்து உட்காரவைப்பது ஹார்ஃப்பஸ். அந்த வடிவத்தைத் தருவது, ரெட் ஹேட் வெளியிட்ட லோகித் தமிழ் எழுத்துருவாக இருக்கலாம். ஓர் எழுத்து திரையில் தோன்ற இத்தனை பேக்கேஜ் வேண்டும். ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றைச் சார்ந்தது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும்.

அந்தப் பெயர்தான் பராமரிப்பாளர், மெயின்டெய்னர். நிரலை எழுதியவர் பெரும்பாலும் வேறு ஆள். பராமரிப்பாளர் செய்வது என்ன? மூலநிரலோடு 'டெபியன்' என்ற பெயரில் ஓர் அடைவைச் சேர்க்கிறார். அதில் சில சிறு கோப்புகள். எது எதைச் சார்ந்தது என்று ஒன்று சொல்லும். எப்படிக் கட்டுவது என்று இன்னொன்று. எந்தப் பதிப்பில் யார் எதை மாற்றினார் என்று மூன்றாவது. நான்காவது, பதிப்புரிமைக் கோப்பு. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இந்த நான்காவதுதான். மூலநிரலில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், எந்த உரிமத்தில் வந்தது என்று அதில் எழுத வேண்டும். புதிய பேக்கேஜ் எதுவானாலும் களஞ்சியத்துக்குள் நுழையும் முன் ஒரு சிறு குழு உட்கார்ந்து இதைச் சரிபார்க்கும். கட்டும் வேலை ஒரு மாலையில் முடிந்திருக்கும். இந்த வரிசையில் வாரக்கணக்கில் நிற்கவும் நேரும். இணையத்தில் 'இலவசம்' என்று உலவும் தமிழ் எழுத்துருக்கள் பல டெபியனுக்குள் வர முடியாததன் காரணமும் இதுதான். பதிவிறக்க விடுகிறார்கள், மாற்றவும் மாற்றியதைப் பகிரவும் அனுமதி எழுதித் தருவதில்லை. லோகித் 2011-லிருந்து ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கிறது. அதனால் உள்ளே இருக்கிறது.

நுழைந்த பேக்கேஜ் முதலில் 'நிலையற்றது' என்ற பகுதியில் விழும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டெவலப்பர்கள் அன்றாடம் புழங்கும் இடம் அது. பெரிய வழு எதுவும் பிடிபடாமல், வழக்கமாக 2 முதல் 10 நாள் தாக்குப்பிடித்தால் 'சோதனை' பகுதிக்கு நகரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போலச் 'சோதனை'யை உறையவைத்து, தட்டிக்கொட்டி, 'நிலையானது' என்று வெளியிடுவார்கள். அதன்பின் அதில் புதுப் பதிப்புகள் ஏறுவதில்லை. பாதுகாப்புக் கோளாறு வந்தால்? புதுப் பதிப்பில் எழுதப்பட்ட திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு மூன்று ஆண்டு பழைய நிரலுக்குள் பொருத்த வேண்டும். வீட்டை இடிக்காமல், சுவருக்குள் ஓடும் பழைய குழாயில் ஓட்டையான துண்டை மட்டும் மாற்றுவது போன்ற வேலை. சரியாகச் செய்தால் பயனருக்கு எதுவும் தெரியாது. பாராட்டு வராத வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு வெளியீட்டுக்கு மூன்று ஆண்டு முழுப் பாதுகாப்பு, அதன்மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. நீட்டிப்பு வேலையைச் செய்பவர்களுக்கு மட்டும் ஃப்ரெக்சியன் என்ற பிரெஞ்சு நிறுவனம் நிதி திரட்டிச் சம்பளம் தருகிறது. மற்றபடி பெரும்பகுதி ஓய்வு நேர உழைப்பு.

வெளியே தெரியாத பெரிய வேலைகளில் சமீபத்தியது ஒன்று உண்டு. பழைய 32-பிட் கணினிகள் நேரத்தை 1970-லிருந்து வினாடிகளாக எண்ணிக்கொண்டு வருகின்றன. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பிவிடும். மறுநொடி கடிகாரம் 1901-க்குப் பாயும். இதைச் சரிசெய்ய 2024-இல் டெபியன் தன் நூலகப் பேக்கேஜ்களை ஏராளமாகப் பெயர் மாற்றி, அவற்றைச் சார்ந்த எல்லாவற்றையும் மறுபடி கட்டியது. பல மாதம் 'நிலையற்றது' பகுதி உண்மையிலேயே அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இருந்தது. கார், செட் டாப் பாக்ஸ், தொழிற்சாலைக் கருவி எனப் பல இடங்களில் 32-பிட் சில்லுகள் இன்னும் ஓடுகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டை எந்திரங்களிலும் சில இருக்கும். 2038-இல் அவை வழக்கம்போல ஓடினால், எதனால் ஓடுகின்றன என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இத்தனையும் செய்பவர்கள் சோர்ந்து போவார்கள் அல்லவா? வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் குறையும். டெபியன் இதை மறைத்துவைப்பதில்லை. வழுக்களைப் பதியும் அதே இடத்தில் இதற்கும் ஒரு பட்டியல். 'உதவி தேவை', 'யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்', 'கைவிடப்பட்டது' என்று பராமரிப்பாளரே குறித்துவிடலாம். சொல்லாமல் காணாமல் போனவர்களைத் தேடி விசாரிக்கத் தனிக் குழுவே உண்டு. கைவிடப்பட்ட பேக்கேஜை எடுக்க முன்வருபவர் 'நான் தத்தெடுக்கிறேன்' என்று அதே பட்டியலில் எழுத வேண்டும். யாரும் வராவிட்டால் ஒருநாள் அது நீக்கப்படும். டெபியன் 13-இல் 14,100-க்கு மேல் புதிதாக வந்தன. 8,840-க்கு மேல் போயின.

சரி, ஆள் வேண்டும். யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிடலாமா?

2024 மார்ச் 29-ஆம் தேதி வெளியான எக்ஸ்இசட் விவகாரம் இந்தக் கேள்வியை முகத்தில் அறைந்த மாதிரி வைத்தது. கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல் எக்ஸ்இசட். பல ஆண்டாக அதை ஏறத்தாழத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபின்லாந்தின் லாசே காலின். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார். 2022-இல் வேறு சில முகமறியாப் பெயர்கள் வந்து, வேலை மந்தமாக நடக்கிறது, இன்னொரு பராமரிப்பாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காலினை நச்சரித்தன. தனக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் ஜியா டானுக்குப் பொறுப்பு கிடைத்தது. இரண்டு ஆண்டு நல்ல பிள்ளையாக உழைத்துவிட்டு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்றை ஒளித்துவைத்தார்.

அந்தக் கள்ளக்கதவு டிஸ்ட்ரோக்களைக் குறிவைத்தே செய்யப்பட்டது. டெபியன், ஃபெடோரா வகைப் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. டிஸ்ட்ரோக்கள் தங்கள் வசதிக்காக எஸ்எஸ்எச்சில் ஒட்டிய சிறு ஒட்டு வழியாகத்தான் ஒன்று மற்றொன்றைத் தொட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டினார். அதனால்தான் பிடிபட்டது. 'நிலையற்றது', 'சோதனை' பகுதிகள் வரை வந்துவிட்டிருந்தது. நிலையான வெளியீடு தப்பியது. அந்த மந்தமான, எரிச்சலூட்டும் காத்திருப்பு அன்றைக்குக் காப்பாற்றியது.

நல்லெண்ணமும் போதாது. 2006-இல், மறைச்சாவிகளை உருவாக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததைச் சரிசெய்யப் போய் டெபியன் பராமரிப்பாளர் இரண்டு வரிகளை நீக்கினார். அவை எண்களைக் கணிக்க முடியாதபடி கலக்கும் வரிகள். 2008 மே 13-ஆம் தேதி தெரியவந்தபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான மறைச்சாவிகள் பலவீனமானவை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான். ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம்.

ஆகவே டெபியனில் படிகள் இருக்கின்றன. புதியவர் தன் பேக்கேஜைத் தானே ஏற்ற முடியாது. டெவலப்பர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துத் தன் கையெழுத்தில் ஏற்றுவார். அவருக்கு ஸ்பான்சர் என்று பெயர். சில காலம் நன்றாகச் செய்தால், குறிப்பிட்ட பேக்கேஜ்களுக்கு மட்டும் நேரடி உரிமை. அதற்கும் பிறகு முழு டெவலப்பர் ஆக விண்ணப்பம், பரிந்துரை, கொள்கையிலும் செய்முறையிலும் நீண்ட கேள்விகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி: உங்கள் மின்னணுச் சாவியில், ஏற்கெனவே டெவலப்பராக இருப்பவர் கையெழுத்திட வேண்டும். அதற்கு அவர் உங்களை நேரில் பார்த்து அடையாள அட்டையைச் சரிபார்ப்பதே மரபு.

புவியியல் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. ஜெர்மனியில் அடுத்த தெருவில் ஒரு டெவலப்பர் இருக்கலாம். பூந்தமல்லிப் பக்கம் நூற்றுக்கணக்கான கணினிப் பொறியியல் மாணவர்கள் இருந்தும், சாவியில் கையெழுத்து வாங்க ஆளைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடி வந்த சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்றவை வெறும் அரட்டைக் கூட்டமல்ல என்பது இதிலிருந்து புரியும். 2023 ஜனவரி 28, 29-இல் விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் மினி டெப்கான்ஃப் நடந்தது. பெரிய நகரத்தில் இல்லை, விழுப்புரத்தில். அங்கே ஆண்டுக்கணக்கில் ஊன்றி நின்ற குனு/லினக்ஸ் பயனர் குழு இல்லாமல் அது சாத்தியமே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடான டெப்கான்ஃப் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது, கொச்சியில். கேரளத்தை இதில் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். அங்கே பள்ளிப் பாடமே லினக்ஸில் நடக்கிறது. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே அதில் எழுதுகிறார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பின்தான் மாணவர்களிடம் போனார்கள். நாம் லேப்டாப்பைக் கொடுத்தோம்.

புதியவர்களை இழுக்க எளிதான வழி பரிசு, எண்ணிக்கை. அது எப்படி முடியும் என்றும் பார்த்தாயிற்று. 2020 அக்டோபரில் டிஜிட்டல் ஓஷன் நடத்திய ஹாக்டோபர்ஃபெஸ்ட், நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்றது. வெற்றுத் திருத்தங்கள் வெள்ளமாக வந்து குவிந்ததில் சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள். 2024-இன் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் விளக்கக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நம் நாட்டு மாணவர்கள் அலை அலையாகக் கோரிக்கை அனுப்பினார்கள். பயிற்சி வீடியோ ஒன்றில் காட்டியதை அப்படியே செய்ததன் விளைவு. பிளேஸ்மென்ட் ரெஸ்யூமில் 'ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு' என்று ஒரு வரி வேண்டும் என்ற அழுத்தம் அதன் பின்னால் இருக்கிறது. பராமரிப்பாளருக்கு அது ஆள் சேர்ப்பு அல்ல, குப்பை பொறுக்கல்.

பலன் தந்த வழிகள் சின்னவை. மருத்துவ மென்பொருள்களுக்காக டெபியனுக்குள் இயங்கும் டெபியன் மெட் குழுவில் ஆண்ட்ரியாஸ் டில்லே ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மாதம், ஒரு புதியவர், ஒரு பேக்கேஜ். கேள்வி கேட்டால் பதில் வரும் என்ற உறுதி. 2024-லும் 2025-லும் டெபியன் தலைவராகத் தேர்வானவர் இதே டில்லே. கேரளத்தின் பிரவீண் அரிம்பிரத்தொடியில் வேறொரு பாதையில் போனார். கிட்லேப் என்ற பெரிய மென்பொருளை டெபியனுக்குள் கொண்டுவர அதற்குத் தேவையான சின்னஞ்சிறு ரூபி, நோட் நூலகங்களை ஒவ்வொன்றாகப் பேக்கேஜ் செய்ய வேண்டியிருந்தது. கல்லூரிப் பட்டறைகளில் அவற்றை மாணவர்களுக்கு முதல் வேலையாகக் கொடுத்தார். ஒரே நாளில் முடியும் அளவு, ஆனால் பொம்மை வேலையல்ல, உண்மையாகவே வேண்டியது. டெபியனுக்குள்ளேயே இதற்கு முணுமுணுப்பு உண்டு. பத்து வரி நூலகத்துக்கு ஒரு பேக்கேஜா, மாணவர் படிப்பை முடித்துப் போனதும் யார் பார்ப்பது என்று. நியாயமான கேள்விதான். ஆனாலும் பத்தில் ஒருவர் தங்கினால் அவர்தான் நாளைக்கு விழுப்புரத்தில் இன்னொருவர் சாவியில் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொழியும் ஒரு வாசற்படி. டெபியனின் விவாதங்கள் ஆங்கிலத்தில், இன்னமும் பெரும்பகுதி மின்னஞ்சலில் நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் பேசிப் பழகிய கல்லூரி மாணவருக்கு, உலகம் முழுக்கப் படிக்கும் ஓர் இடத்தில் ஆங்கிலத்தில் முதல் கேள்வியை எழுதுவது மூலநிரலைவிடப் பயம். 2018 முதல் சால்ஸா என்ற கிட்லேப் தளம் வந்து திருத்தம் அனுப்புவது எளிதாகியிருக்கிறது. ஆனால் முதல் கேள்வியைத் தமிழில் கேட்க இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இணையத்தில் கூடித் தமிழிலேயே பேசுவதும், 2012-லிருந்து கணியம் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருவதும் அந்த இடத்தை உண்டாக்கும் வேலைகள்.

வீட்டில் பழைய அரசு லேப்டாப் கிடந்தால், அதன் ப்ராசஸர் தாங்குமானால், டெபியனைப் போட்டுப் பாருங்கள். பிறகு 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்' என்ற சிறு பேக்கேஜை நிறுவுங்கள். டெபியன் தலைவராக இருந்த லூகாஸ் நுஸ்பாம் எழுதியது. அதன்பின் நீங்கள் எதை நிறுவினாலும், உங்கள் கணினியில் இருப்பவற்றில் எவை கைவிடப்பட்டவை, எவற்றுக்கு உதவி கேட்டிருக்கிறார்கள், எந்த வழு புதியவருக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று முனையத்தின் கடைசியில் பட்டியல் போடும். உலகத்துக்கெல்லாம் பொதுவான பட்டியல் அல்ல, உங்கள் லேப்டாப்பில் ஓடுபவற்றின் பட்டியல். அதில் தமிழ் தொடர்பான பேக்கேஜ் ஒன்று வந்தால் அதிலிருந்து தொடங்கலாம். அதன் வழுக்களைப் படிக்கத் தமிழ் தெரிந்திருப்பது அங்கே ஒரு தகுதி.